மஞ்சள் தடவிய பில்

என் பில்லுக்குப் பூ வைத்திருந்தார்கள்.

திருவனந்தபுரம் கோட்டைக்குள் வக்கீல் வீட்டுப் பூஜை அலமாரியில், வெள்ளிப் பிள்ளையாருக்குப் பக்கத்தில், நான் கைப்பட எழுதிக் கொடுத்த பில் உறையோடு நிமிர்ந்து நின்றது. உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள். நடுவில் யாரோ புதிதாக இட்ட குங்குமம். மேலே ஒரு துண்டுப் பிச்சிப்பூ. கற்பூரப் புகை பட்டு ஒரு ஓரம் லேசாகச் சுருண்டிருந்தது.

கூடத்தில் வக்கீலின் மனைவி விசாலம் மாமியும் பக்கத்து வீட்டு மாமிகள் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் நால்வரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைத்திருக்கும் வீட்டில் சித்திர டீச்சரைப் பார்த்து இப்படிச் சிரிக்கும் வழக்கம் கிடையாது.

“வாடீ கொழந்தே, வா! கள்ளி! இத்தனை நாளா இங்கே வந்துபோறே, ஒரு வார்த்தை பறஞ்சயா?” என்றாள் விசாலம் மாமி.

“என்ன சொல்லல்லே, மாமி?”

“கேட்டேளா இவ கேக்கறதை! பையன் ஆருடீ? நாகர்கோவிலா, பாளையங்கோட்டையா? என்ன உத்தியோகம்?”

நான் மாமியைப் பார்த்தேன். அலமாரியைப் பார்த்தேன். மறுபடி மாமியைப் பார்த்தேன். மூன்றாவது பார்வையில்தான் விஷயம் விளங்கிற்று. அந்த வீட்டில் என் பில் என்னுடைய கல்யாணப் பத்திரிகையாக ஒரு வாரமாகப் பூஜை வாங்கிக்கொண்டிருந்தது.

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில், ரயிலில் நான் கோடு போடும் டி-ஸ்கொயர் கட்டையைப் பார்த்து ஆயுதமோ என்று பயந்த டிக்கெட் பரிசோதகரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த அம்மா, “ஊரான் முட்டாத்தனத்தை எழுதுகே, சரி. நம்ம வீட்டுது வேண்டாம் கேட்டியா” என்று எச்சரித்தாள். ஆகவே இந்த வாரம் நம் வீட்டுது.

அப்பாவின் சட்டம்

மதராஸில் இரண்டு வருஷம் சித்திரம் படித்து, லோயர் கிரேடு சர்டிபிகேட்டோடு திருவனந்தபுரம் திரும்பியிருந்தேன். ஹையர் கிரேடு தேறினால்தான் பெண் பள்ளிக்கூடங்களில் வேலைக்கு மனுப் போடலாம். அதுவரை வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்குச் சித்திரம் சொல்லிக் கொடுப்பது என்று தீர்மானித்தேன். மூன்று வீடுகள் கிடைத்தன. கோட்டைக்குள் வக்கீல் வீட்டில் ராஜம், சீதா என்று இரண்டு பெண்கள். தைக்காட்டில் ஒரு டாக்டர் வீடு. வஞ்சியூரில் ஒரு பென்ஷன்காரர் வீடு. வக்கீல் வீடுதான் பெரியது. மற்ற இரண்டில் வருவது பென்சிலுக்கும் ஜட்காவுக்கும் சரியாகிவிடும்.

என் அப்பா நாஞ்சில் நாட்டுக்காரர். சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கப்பிள்ளை. பெண் வெளியே போய்ச் சம்பாதிப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. சம்பாதிக்காமல் வெளியே போவதில்தான் ஆட்சேபம்.

“மக்ளே, ஒரு சட்டம் வச்சுக்கிடுவோம். பரிட்சைக்குக் கட்டுக பணம் உன் சித்திரத்திலே இருந்தே வரணும். வந்தா அது தொழிலு. வரல்லேன்னா வெளையாட்டு. வெளையாட்டுக்கு வெயில்லே மூணு வீடு நடக்காண்டாம். வீட்டிலே இருந்து வரையலாம்.”

நான் ஒப்புக்கொண்டேன். அந்த வயதில் எனக்குக் கணக்கு நன்றாக வரும். மனிதர்கள்தான் அவ்வளவாக வரமாட்டார்கள்.

பரீட்சைக்குப் பத்து பிரிட்டிஷ் ரூபாய் மணியார்டரில் மதராஸ் போய்ச் சேர வேண்டும். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. வக்கீல் வீட்டில் மாதம் நான்கு சர்க்கார் ரூபாய் வீதம் மூன்று மாதத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் நின்றது.

மதராஸ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே பணம் இரண்டு ஜாதி. எங்கள் சர்க்கார் ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை. அந்த அரைச் சக்கரத்தை வைத்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவில் எத்தனையோ பேர் பிள்ளைகுட்டிகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள்.

நேந்திரங்காய் மாதங்கள்

வக்கீல் வீட்டில் எனக்கு ஒன்றுமே தரவில்லை என்று சொன்னால் பாவம் வரும். முதல் மாதக் கடைசியில் ஒரு சீப்பு நேந்திரம்பழம் தந்தார்கள். இரண்டாம் மாதம் எள்ளுருண்டை, ரவிக்கைத் துண்டு, வெற்றிலை பாக்கு. மூன்றாம் மாதம் நேந்திரங்காயை வறுத்து வெல்லம் பூசிய சர்க்கரை உப்பேரி, அதுவும் டின்னோடு. டின்னைத் திருப்பித் தரச் சொன்னார்கள்.

இதில் கஞ்சத்தனம் கிடையாது. சொல்லிக் கொடுக்கிறவளுக்குத் தட்டில் வைத்துத்தான் தர வேண்டும், அவளாக ஒரு தொகை சொன்னால் இரு தரப்புக்கும் மரியாதை இல்லை என்பது அந்த வீட்டின் நம்பிக்கை. என்னிடம் மாதம் நான்கு ரூபாய் என்று பேசியவர் வக்கீல். தட்டில் வைத்தவள் மாமி. இருவரும் இதைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

மாமிக்கு என் பாடத்திட்டத்திலும் மனக்குறை இருந்தது. பெண்கள் மூன்றே மாதத்தில் கிருஷ்ணன் வரைவார்கள் என்று எதிர்பார்த்தாள். நான் மதராஸில் படித்த முறைப்படி கோடு, வளைகோடு, கூம்பு, உருளை, பிறகு நிழலோடு மூக்கு வைத்த ஒரு வெண்கலக் கிண்டி என்று போய்க்கொண்டிருந்தேன்.

“தினம் கிண்டி, கிண்டி! நேர்லே பார்த்தா கிண்டி, பக்கத்திலே பார்த்தா கிண்டி. ஆத்திலே இருக்கற கிண்டியை எந்தினாக்கும் வரையறது? இல்லாத சாமானை வரைஞ்சாலும் ஒரு ஆறுதலாச்சும் உண்டு.”

கறுப்புக் கரை

மூன்று மாதம் முடிந்ததும் அப்பா சொன்னார்: “சரக்கு போனா பின்னாலே சீட்டு போகணும். சீட்டு போகாம சக்கரம் எங்கே வரும்?”

எனவே பில் எழுத உட்கார்ந்தேன். மேஜையில் நான் எடுத்து வைத்தவை: கனத்த சித்திரத் தாள், கடைசியாக மிஞ்சிய ஒன்று, ரூலிங் பேனா, இந்தியன் இங்க், டி-ஸ்கொயர். எந்தச் சித்திரத் தாளுக்கும் முதலில் சுற்றிலும் கரை போட வேண்டும் என்பது எங்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம். அரை அங்குலம் விட்டு, நாலு பக்கமும் கறுப்பு மையில் அழகாகக் கனத்த கரை போட்டேன். உள்ளே மாதம், வந்த நாட்கள், தொகை, கூட்டுத் தொகை. எழுத்துகளுக்கு இரண்டு கோடு போட்டு எழுதிப் பிறகு கோட்டை அழித்தேன். முடித்தபோது அது தொங்கவிடும்படி இருந்தது.

மை காய்வதற்காக ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த நிமிஷம் அம்மாவின் குரல் கேட்டது.

“எட்டி கோமதீ! ஆருட்டி செத்தது?”

“ஆரும் சாகல்லேம்மா. அது பில்லு.”

“பில்லுக்கு எதுக்குட்டி கறுப்புக் கரை? சாவுக் கடுதாசு மாதிரியே இருக்கு! பிள்ளைகுட்டி உள்ள வீடு. இதைக் கொண்டுபோய்க் கையிலே கொடுத்தா நம்மளை வாசல்லே ஏத்துவாளா?”

கரை போடுவது சித்திர சாஸ்திரத்தில் உள்ளது என்று விளக்கினேன். அம்மா சாஸ்திரம் என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள். நான் தடுப்பதற்குள் பில்லின் நான்கு மூலையிலும் கறுப்பு மறையும்படி கட்டைவிரலால் அழுத்தித் தடவினாள். போதாது என்று உறைக்கும் தடவினாள்.

“இப்போ தோஷம் போச்சு. கொண்டு போ.”

வேறு தாள் இல்லை. கொண்டு போனேன்.

இதுவரை நடந்ததற்குப் பொறுப்பு அப்பாவும் அம்மாவும். மீதிப் பொறுப்பு என்னுடையது. வழி நெடுக ‘மாமி, இது மூன்று மாதத்துக்கான பில்’ என்று சொல்லிப் பழகிக்கொண்டே போனேன். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசலில் நின்றுகூட ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். மாமி முன்னால் நின்றதும் பில் என்ற வார்த்தை வாயை விட்டு வரவில்லை. நேந்திரம்பழம் தந்த கை அல்லவா? தலையைக் குனிந்துகொண்டேன்.

“மாமாகிட்டே கொடுத்திருங்க மாமி. எல்லாம் அதிலே எழுதியிருக்கு” என்று உறையை நீட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிட்டேன்.

கல்யாண வயதில் ஒரு பெண், குனிந்த தலை, மஞ்சள் தடவிய உறை. மாமியைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

“மாமி, அது பில்”

வக்கீல் ஒரு கேஸுக்காக நாகர்கோவில் போயிருந்தார். அவர் பெயருக்கு வந்த எதையும் அவர்தான் பிரிக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். அதனால் உறை அலமாரி ஏறிற்று. செய்தி மட்டும் உறைக்குள் அடங்காமல் வெளியே வந்துவிட்டது. அன்று காலையே தைக்காட்டு டாக்டர் வீட்டு அம்மா என்னை வாசலில் பார்த்து, “கல்யாணம் ஆயில்லே? பின்னே எந்தினா வெயிலத்து நடக்குந்நது?” என்று மலையாளத்தில் கேட்டிருந்தார்; கல்யாணம்தான் முடிவாகிவிட்டதே, பின்னே எதற்கு வெயிலில் நடக்கிறாய் என்று. யாரையோ நினைத்துக் கேட்கிறார் என்று சிரித்துவிட்டு வந்திருந்தேன்.

இனி, நான் விட்ட இடத்துக்கு வருகிறேன். அது ஒரு செவ்வாய்க்கிழமை.

விசாலம் மாமி ஒரு தட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். தட்டில் வெற்றிலை, மஞ்சள், ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ்.

“மொய்யெல்லாம் மாமா வந்து வைப்பர். இது என்னோடது. பின்னே, நீ ஒண்ணும் வெசனப்படாதே. இனி உனக்கு வர ஒழியாதுன்னு பொண்ணுகளுக்குப் பிடில் ஏற்பாடு பண்ணியாச்சு. அடுத்த வாரம் தொடங்கறது.”

கதவுக்குப் பின்னாலிருந்து பெரியவள் ராஜம் எட்டிப் பார்த்தாள். “டீச்சர், பிடில்லே கிண்டி கிடையாதாம்” என்றாள் மெதுவாக. அவள் முகத்தில் வருத்தம் சிறிதும் இல்லை.

என் நிலைமையை மனத்துக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். பன்னிரண்டு ரூபாய் அலமாரியில். பெரிய வீடு பிடிலுக்குப் போயிற்று. மற்ற இரண்டு வீடுகளும் ஆடிக்கொண்டிருந்தன. மதராஸுக்குப் பணம் சனிக்கிழமைத் தபாலில் போனால்தான் கெடுவுக்குள் சேரும். கல்யாணம் மட்டும்தான் நிச்சயமாகியிருந்தது, மாப்பிள்ளை இல்லாமல்.

தட்டைக் கீழே வைத்தேன்.

“மாமி, அது கல்யாணப் பத்திரிகை இல்லே. பில்.”

“எது?”

“பிள்ளையார் பக்கத்திலே இருக்கே, அது.”

பக்கத்து வீட்டு மாமி ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.

“பில்லுக்கு ஆராவது மஞ்சள் தடவுவாளாடீ?”

அம்மாவையும் கறுப்புக் கரையையும் பற்றிச் சொன்னேன். முதலில் மாமியின் முகம் கடுத்தது. பிறகு உதடு துடித்தது. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். “ஒரு வாரமா பாலும் பழமும் நைவேத்யம் பண்ணியிருக்கேனே!”

“இப்போ எடுத்துப் பிரிக்கலாமா, மாமி?”

“அது எப்படி? பில்லுன்னாலும் அவர் பேருக்கு வந்ததுதானே? வியாழக்கிழமை வரார். வந்து பிரிப்பர்.”

ராகு காலத்து விசாரணை

வியாழக்கிழமை போனேன். வக்கீல் வந்திருந்தார், ஆனால் வீட்டில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. விளக்கு வைத்தபின் பணம் வெளியே போகக் கூடாது. வெள்ளிக்கிழமை லக்ஷ்மி படி தாண்டவே கூடாது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனேன். வக்கீல் பூஜையில் இருந்தார். ஒன்பது அடித்ததும் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, “ராகு காலம் வந்துடுத்தே, பத்தரை வரைக்கும் கொடுக்கறதுக்கில்லையே டீச்சர்” என்றார்.

பன்னிரண்டு மணிக்குத் தபாலாபீஸில் மணியார்டர் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள்.

“கொடுக்க வேண்டாம் சார். இப்போ பிரிச்சுப் படிக்கலாமே?”

“படிக்கலாம். வாதாடவும் செய்யலாம். ராகு காலத்திலே எத்தனையோ கேஸ் வாதாடியிருக்கேன்” என்று சொல்லி அவர் உறையைப் பிரித்தார். கனத்த கறுப்புக் கரை. மூலைக்கு மூலை மஞ்சள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்.

“முதல்லே ஒண்ணு சொல்லுங்கோ. இது கல்யாணமா, கருமாதியா?”

உள்ளேயிருந்து மாமி சிரிக்கும் சத்தம் கேட்டது.

அதன்பின் விசாரணை ஆரம்பமாயிற்று. மாதம் என்றால் மலையாள மாதமா, இங்கிலீஷ் மாதமா? ரூபாய் என்று மட்டும் போட்டிருக்கிறதே, சர்க்காரா, பிரிட்டிஷா? நவராத்திரிக்கு ஒன்பது நாள் பெண்கள் புஸ்தகத்தையே தொடவில்லை, அந்த நாட்களுக்குச் சம்பளம் எப்படி?

நான் என் நோட்டை எடுத்தேன். வந்த நாள், வந்த மணி, வரைந்தது எல்லாம் அதில் உண்டு. மாதம் மலையாள மாதம். ரூபாய் சர்க்கார் ரூபாய். நவராத்திரிக்கு விட்ட பாடங்களுக்கு ஈடாக நாலு ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறேன்.

“அந்த ஞாயிற்றுக்கிழமைகள்லே என்ன பாடம் நடந்தது?”

“கிண்டி, சார். மேலிருந்து பார்த்தால்.”

“சாட்சி?”

“நான் சாட்சி!” என்றாள் ராஜம், கசப்போடு.

வக்கீல் விடவில்லை. “இருந்தாலும் ஒரு சமரசத்துக்கு வரலாம். ஒன்பது ரூபான்னு முடிச்சுண்டா?”

ஒன்பது சர்க்கார் ரூபாயில் பத்து பிரிட்டிஷ் ரூபாய் வராது. வரும் வழியே இல்லை. என்ன சொல்லலாம் என்று நோட்டின் பக்கங்களைத் திருப்பிக்கொண்டிருந்தபோது மாமி கூடத்துக்கு வந்து நின்றாள்.

“ஏன்னா, என்ன பேசறேள்? மஞ்சள் தடவி வந்த கடுதாசு. பத்து நாளா ஸ்வாமிகிட்டே இருந்திருக்கு. அதிலே எழுதின தொகையை வெட்டறதா? நம்மாத்திலேயும் ரெண்டு பொண்ணு இருக்கா, கேட்டேளா?”

“அது பில்லுடீ, விசாலம்.”

“இருந்துட்டுப் போட்டும். மஞ்சளுக்கு அது தெரியுமா? எழுதினதைக் கொடுக்கணும். மேலே ஒத்தை ரூபா வைக்கணும். முழுசா பன்னெண்டுன்னு ஆராவது வைப்பாளா?”

முப்பது வருஷமாகக் கோர்ட்டில் பேசிய மனிதர் பில்லை மடித்து வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை ஆக இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது. ஏழு நிமிஷமும் நாங்கள் மூவரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்தரைக்கு அரை ரூபாய்களும் வெள்ளிப் பணமும் சக்கரமுமாகப் பதின்மூன்று ரூபாய் தட்டில் வந்தது, வெற்றிலை பாக்கோடு.

“பிடில் செவ்வாய்க்கிழமை இருக்கட்டும்” என்றாள் மாமி. “நீ புதனும் சனியும் வா. ஒண்ணு மட்டும் பறஞ்சுடறேன், கிருஷ்ணன் வந்தாகணும்.”

கடையில்

பண முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தேன். ஓடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதால் ஏறக்குறைய ஓடினேன்.

அப்பா வேலை பார்த்த கடையில் பிரிட்டிஷ் ரூபாய் மாற்றிக் கொடுப்பதும் உண்டு. மிளகு மூட்டைகளுக்கு நடுவில், சாய்மேஜைக்குப் பின்னால் அப்பா உட்கார்ந்திருந்தார். பெட்டியின் மேல் முடிச்சை அவிழ்த்தேன். அவர் விரல்நுனியால் தள்ளித் தள்ளி இரண்டு தடவை எண்ணினார்.

“சீட்டிலே பன்னெண்டுதானே எழுதினே? இதிலே பதிமூணு இருக்கு.”

“ஒண்ணு மொய்.”

அவர் முகத்தில் அசைவே இல்லை. ஒரு ரூபாயைத் தனியே ஒதுக்கினார். “இது தொழில்லே வந்ததில்லே. உங்க அம்மைக்கிட்டே கொடு. மஞ்சள் அவளுக்குத்தானே?”

பிறகு மாற்ற ஆரம்பித்தார். சர்க்கார் விலை இருபத்தெட்டரை. அவர் ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தொன்பது சக்கரமாக எடுத்துக்கொண்டார்.

“அப்பா, அரைச் சக்கரம் கூட எடுக்கியளே?”

“கடை வட்டம். மாத்துக கூலி.” அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “சாலையிலே தொழில் பண்ணுக எல்லாருக்கும் உள்ளதுதான்.”

பத்து வெள்ளி ரூபாயை ஒவ்வொன்றாகக் கல்லில் தட்டி ஓசை பார்த்து என் பக்கம் தள்ளினார். மீதிச் சக்கரத்தையும் எண்ணி வைத்தார். பிறகு பேரேட்டைத் திறந்து, பேனாவைத் தோய்த்து, மற்ற வியாபாரிகளின் பெயர்களுக்குக் கீழே எழுதினார். தலைகீழாக இருந்தாலும் அந்த எழுத்து எனக்குப் படிக்க வந்தது. ‘கோமதி, சித்திர டீச்சர்.’ மகள் என்று எங்கும் இல்லை.

தபாலாபீஸில் மணியார்டர் நிறுத்த இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ரூபாய்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நின்றேன். ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தேன்.

அப்பா பேரேட்டை மூடினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்து உரக்கக் கூப்பிட்டார்:

“அடுத்தது ஆருவே? வாங்க!”

நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாருமே நிற்கவில்லை.